ஒரே நேரத்தில் இரண்டு பட்டமா?

கேள்வி: மகள் ஓசூரில் பி.ஏ. படிக்கிறாள். கூடவே இன்னொரு பட்டமும் படித்தால் செல்லுமா?
– ஒரு வாசகர், அஞ்செட்டி

பதில்: செல்லும். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டது. இரண்டையும் நேரில் படிப்பதானால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. தேன்கனிக்கோட்டை வழியாக பஸ் பிடித்துப் போய்வரும் பெண்ணுக்கு அது ஆகிற காரியமில்லை.

ஒன்றை இணையவழியில் எடுப்பதே புத்தி. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு தோதானது. ஜே.இ.இ. வேண்டாம், கலைப் பிரிவு மாணவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். முதலில் நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. பாடமெல்லாம் காணொளியில், தேர்வு மட்டும் மையத்தில், நேரில். இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

வேறு இணையவழிப் படிப்பென்றால், பணம் கட்டுமுன் மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.