அறுபதைத் தாண்டியும் வேலைக்குப் போகிறீர்களா?



"சும்மா உட்கார்ந்தா உடம்பு துருப்பிடிச்சிடும்" என்று சொல்லி, அறுபதைத் தாண்டியும் பெரட்டுக்குப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்கு முன் வயதைக் காட்டி ஓய்வு கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு வேலையைத் தொடர்வது, நீங்களும் நிர்வாகமும் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

விருப்பத்தோடு போகிறவர் உண்டு. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே என்ற பயத்தில் போகிறவரும் உண்டு. எதற்காகப் போனாலும் உடம்பையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

வேலை உடம்புக்கு நல்லதுதான். நடப்பவருக்குத் தசையும் எலும்பும் சீக்கிரம் தளராது. நாலு பேரோடு பேசிச் சிரிப்பது மனசுக்கும் மருந்து. ஆனால் முப்பது வயதில் செய்த அதே வேலையை, அதே வேகத்தில் செய்ய நினைப்பதுதான் ஆபத்து.

வெயில்: வயது ஏற ஏறத் தாகம் சரியாகத் தெரியாது. உடம்புச் சூட்டைத் தணிக்கும் வியர்வையும் குறையும். ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடியுங்கள். இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்புநீர்: வெறும் கோப்பி-ஓ குடித்து, மாத்திரையையும் போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போகாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். பசியாறிவிட்டுப் போங்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வேலை முடிந்து பூட்சைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது.

கண்: தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை மங்கலாகத் தெரிகிறதா? கண்புரையாக இருக்கலாம். அதைச் சின்ன அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்கவே பல மாதம் ஆகும்.

பாரம்: செம்பனைக் குலையைத் தூக்கும் வேலையை இளையவர்களிடம் விடுங்கள். இலேசான வேலை கேட்பதில் வெட்கம் எதற்கு?

நெஞ்சு இறுக்கமாக வலித்தாலோ, குளிர்ந்த வியர்வையோடு மூச்சு வாங்கினாலோ, "வாயுவாக இருக்கும்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 999-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. அது, வேலை போய்விடுமே என்று தலைச்சுற்றலையும் வலியையும் மறைப்பது. மறைத்த நோய் மரத்தடியில்தான் வெளிப்படும். அறுபதுக்குப் பிறகும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. விழுந்து அடிபட்டால் அன்றே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிய வையுங்கள். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கும் நின்றுவிடுவதில்லை. சந்தேகம் இருந்தால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

பிள்ளைகளே, "தாத்தா கேட்க மாட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். இந்த மாதமே கிளினிக்குக்கு அழைத்துப்போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு, வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்!