குளம் பச்சையாத் தெரிந்தால் தண்ணீர் இருக்குன்னு அர்த்தமா?
செயற்கைக்கோள் படத்தை செல்போனில் படிக்கும் முறை

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு எனக் கிளை ஆறுகள் வழியாகத்தான் நம் குளங்களுக்கும் வயல்களுக்கும் தண்ணீர் வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், மேலே உள்ள ஊர்களைத் தாண்டித்தான் தண்ணீர் இங்கு வந்து சேரும். அது தாமதமானால் முதலில் காட்டிக் கொடுப்பது செடிகொடிகள்தான்.

தண்ணீர் குறைந்தால் என்ன நடக்கிறது?

ஈரம் குறைந்ததும் செடி, இலையில் உள்ள நுண்துளைகளை மூடிக்கொள்ளும். உணவு தயாரிப்பது குறையும், பச்சையம் மங்கும். வேர் ஆழமில்லாத புல்லும் கோரையும் சீக்கிரமே வாடும். ஆழ வேர் விட்ட மரங்கள் தாங்கும். ஆற்றங்கரை மரங்களே வாடினால், நிலத்தடி நீரும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆற்று நீர் வந்தால் மண்ணின் உப்பைக் கழுவிவிடும். வராவிட்டால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். உப்பைத் தாங்கும் அலையாத்தி மரங்களுக்குக் கூட நல்ல தண்ணீர் கலந்தால்தான் செழிப்பு.

போனில் எப்படிப் பார்ப்பது?

1. ‘கோப்பர்நிகஸ் பிரவுசர்’ இணையதளத்தைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்க. பார்க்கக் கட்டணம் இல்லை.

2. ‘சென்டினல்-2’ படத்தைத் தேர்ந்தெடுங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும். மேகமில்லாத தேதியாப் பாருங்க.

3. ‘என்டிவிஐ’ அடுக்கை அழுத்துங்க. நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் −1 முதல் +1 வரை மதிப்பு வருகிறது. 1-ஐ நெருங்க நெருங்கப் பசுமை அடர்த்தி.

4. அதே தேதிக்கு ஈரப்பதத்தைக் காட்டும் ‘மாய்ஸ்ச்சர் இண்டெக்ஸ்’ அடுக்கையும் பாருங்க.

எங்கே ஏமாறுவோம்?

- மே மாதத்திலும் குளம் பச்சையா? வற்றிய குளத்தில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கலாம்.

- நடுக்குளத்தில் அடர் பச்சையா? ஆகாயத்தாமரை தண்ணீரை மூடியிருக்கலாம்.

- பிப்ரவரியில் வயல் வெளிறியதா? பயப்பட வேண்டாம், சம்பா அறுவடை முடிந்திருக்கும். அதனால் ஜனவரியையும் பிப்ரவரியையும் ஒப்பிடாதீங்க. இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிடுங்க.

- நல்ல மழைக்குப் பிறகும் கடலோர நிலம் பச்சை ஏறவில்லையா? உப்பு ஏறியிருக்கலாம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்க.

அடுத்து என்ன செய்யலாம்?

படத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க. நேரில் போய் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கு, மதகு திறக்குதா, குளத்தில் முளைத்தது என்ன என்று பாருங்க. இடக்குறிப்போடு போட்டோ எடுங்க. இரண்டு ஆண்டுப் படங்களையும் சேர்த்து, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ பொதுப்பணித் துறையிலோ மனு கொடுங்க. ‘சிபிகிராம்ஸ்’ தளத்திலும் புகார் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்து வைங்க.

“எங்க குளத்துல தண்ணி இல்ல” என்பதை விட, “இந்த வாய்க்கால் இந்த இடத்தில் அடைபட்டிருக்கு, போன வருஷத்துப் படம் இது, இந்த வருஷத்துப் படம் இது” என்று எழுதினால், எங்கே வேலை செய்ய வேண்டும் என்பது அதிகாரிக்கும் உடனே புரியும். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே மனு கொடுப்பது நல்லது. வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகு தூர்வார முடியாது.