தொழிலின்கண் இன்பம்

மனிதர் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி தொழிலிலே கழிகின்றது. ஆதலால், தொழிலின்கண் இன்பம் பெறாதவர் வாழ்நாளின் பெரும்பகுதியிலும் இன்பம் பெறாதவரேயாவர். மாலையில் மணியடித்த பின்னரே தமக்கு வாழ்வு தொடங்குகின்றதென்று கருதும் ஆசிரியர் பகல் முழுவதையும் இழக்கின்றார். அவரெதிரே இருந்து பயிலும் பிள்ளைகளும் அப்பகலை உடனிழக்கின்றனர். ஆகவே, ஆசிரியர் தந்தொழிலில் மகிழ்தல் அவர் நன்மைக்கு மாத்திரமன்றிப் பிள்ளைகளின் நன்மைக்கும் வேண்டப்படுவதொன்றாம். அம்மகிழ்ச்சி எவ்வாறு பெறப்படும், எவ்வாறு இழக்கப்படும் என்பதைத் திருத்தொண்டர் இருவர் சரித்திரங்கொண்டு இங்கே ஆராய்வாம்.

நேசநாயனார் காம்பீலி நகரத்திலே சாலியர் குலத்திலே பிறந்தவர். அவர் மனத்தைச் சிவபெருமான் திருவடியிலும், வாக்கைத் திருவைந்தெழுத்திலும், கையை நெய்தற்றொழிலிலும் வைத்து, உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்குக் கொடுத்துவந்தார் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். இவர் தொண்டின்பொருட்டுத் தறியைவிட்டுக் காட்டுக்குச் சென்றிலர். வேறொரு தொழிலைத் தேடினாருமல்லர். முன்னமே கையிலிருந்த தொழிலையே தொண்டாக்கினார்.

தறியிலே நாடா ஒருநாளில் எத்தனையோ முறை ஒரே வழியில் ஓடி மீளும். நமது தொழிலும் அத்தகையதே. அகரமுதலிய எழுத்துக்களையும் வாய்பாட்டையும் ஆண்டுதோறுங் கற்பிக்கின்றோம். சொன்னதையே சொல்லுதலால் மனஞ் சலிக்கின்றதென்பர் சிலர். அது முற்றும் உண்மையன்று. யார்பொருட்டுச் செய்கின்றோம் என்பதை மறந்து செய்தலே பெருஞ் சலிப்பைத் தருவதாம். தாம் நெய்யும் கோவணம் ஓரடியாருக்கு ஆகும் என்பதை நேசர் அறிந்திருந்தார். அதுபோல, ஆசிரியருக்கு இருபதாம் முறையான பாடம் முன்னேயிருக்கும் பிள்ளைக்கு முதன்முறையானது என்பதை நினைப்பின், பழம்பாடமும் புதிதாகும்.

அற்றேல், மனந் திருவடியிலே இருப்பின் கைத்தொழில் பிழைபடாதோ எனின், படாது. தொழிலைக் கெடுப்பன புகழாசை, மனக்குறை, பிறர்மேற் காய்தல் முதலியன. திருவடி நினைவு இவற்றை நீக்குதலால், கை தன்றொழிலைச் செவ்விதாகச் செய்யும். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் நிற்றலை வற்புறுத்தும். தமக்கு அமைந்த தொழிலை இறைபணியென்று கொள்வோர் அதைக் குறைபடச் செய்ய ஒருப்படார் என்க.

இனி, இன்பம் இழக்கப்படும் வகையைக் காண்பாம். ஏனாதிநாத நாயனார் சோழநாட்டு எயினனூரிலே வாள்வித்தை பயிற்றிய ஆசிரியர். அத்தொழிலால் வந்த பொருளைச் சிவனடியார்களுக்கு ஆக்கினார். அதே வித்தையைப் பயிற்றிய அதிசூரன் என்பவன், மாணாக்கர் நாயனாரிடஞ் செல்லத் தன் வருவாய் குறைந்தமையால், அழுக்காறு கொண்டு படைதிரட்டி வந்து போர்செய்து தோற்றான். அவமானத்தால் அன்றிரவு அவனுக்கு உறக்கமில்லை. பின்னர் வஞ்சனையாலே வெல்லத் துணிந்து, முன்னொருநாளும் அணியாத திருநீற்றை நெற்றியில் அணிந்து, கேடகத்தாலே மறைத்துவந்து, போரிடையே காட்டினான். அதனைக் கண்ட நாயனார் அவனைக் கொல்லாது நின்றார். நிராயுதரைக் கொன்ற பழி அவனுக்கு வாராமற் காக்கும்பொருட்டு, வாளையும் கேடகத்தையும் கைவிடாது எதிர்ப்பவர்போல நின்றார்.

இருவருக்கும் வித்தை ஒன்றே, தொழிலும் ஒன்றே. ஒருவர் தாம் கற்பித்தலால் வரும் பயனைப் பிறர்க்காக்கி மகிழ்ந்தார். மற்றவன் அயலானுடைய மாணாக்கரை எண்ணி எண்ணி உறக்கத்தையும் இழந்தான். புலமைப்பரிசிற் பரீட்சைப் பெறுபேறுகளைப் பாடசாலைதோறும் ஒப்புநோக்கியும், மாலை வகுப்புக்களுக்கு யாரிடம் பிள்ளைகள் மிகுதியாகச் செல்லுகின்றார்கள் என்று கணக்கிட்டும் வருந்தும் இக்காலத்து ஆசிரியர்க்கு இச்சரித்திரம் பெரிதும் வேண்டப்படும்.

தொண்டிலே இன்பம் உளதாயின் ஊதியம் வேண்டாவோ எனின், வேண்டும். பசித்திருப்பவருக்கு மகிழ்ச்சியைப் போதித்தல் அறமாகாது. ஏனாதிநாதரும் பொருளை இகழ்ந்தாரல்லர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு, இல்லந்தோறும் எடுத்துவைக்கப்பட்ட பிடியரிசியும் உதவியது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் சைவப்பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் பொறுப்பாயின. ஊதியமும் அரசாங்கத்தால் வருகின்றது. அதிலே குறையுண்டாயின் முறைப்படி கேட்டுப் பெறுதல் ஆசிரியருக்கு உரியதே. ஆயினும், ஊதியம் குடும்பத்தைத் தாங்குமேயன்றித் தொழிலை இனிதாக்கமாட்டாது.

பயன் விரைவிற் காணப்படாமையும் மனத்தளர்ச்சிக்கு ஒரு காரணம். நமது நாட்டிலே பனங்கொட்டை நடுவோர் அடுத்த ஆண்டிலே பழத்தை எதிர்பார்ப்பதில்லை. வடலி வளர்வதைக் கண்டே மகிழ்வர். அவ்வாறே, பிள்ளையின் வளர்ச்சியிற் சிறிதாயினும் ஒன்றை அன்றன்று கண்டு மகிழப் பழகுதல் வேண்டும்.

அதற்கு ஆசிரியர்கள் கைக்கொள்ளத்தக்கன சில கூறுவாம். வகுப்பிற் புகுமுன் திருவைந்தெழுத்தைச் சிந்தித்து, அன்றைப் பாடத்திலே தளரக்கூடிய ஒரு பிள்ளையை நினைந்து, அப்பிள்ளைக்கு விளங்கும் வகையை முன்னரே எண்ணுக. வகுப்பு முடிந்தபின், அன்று ஒரு பிள்ளை புதிதாக அறிந்துகொண்டதொன்றை ஏட்டிலே குறித்துவைக்க. உடனாசிரியரிடத்து நல்ல கற்பிக்கும் முறையைக் காணின், அதனைப் புகழ்ந்து கேட்டுக் கற்க. அழுக்காறு அங்கே வேர்கொள்ளாது. உடம்பு தளர்ந்தபோது ஓய்வுகொள்க; உறக்கமின்றிச் செய்யுந் தொண்டு கோபமாய் முடிந்து பிள்ளைகள்மேல் விழும்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்பொருளை இவ்வாறு வினாவி உணர்த்தலாம்.

வினா: நேசநாயனார் எத்தொழிலைத் தொண்டாக்கினார்?
விடை: தாம் செய்துவந்த நெய்தற்றொழிலையே தொண்டாக்கினார்.

வினா: அதிசூரன் உறக்கத்தை இழந்தது எதனால்?
விடை: அழுக்காற்றாலே போருக்கு எழுந்து தோற்ற அவமானத்தால்.

வினா: மாணாக்கனுடைய தொழில் யாது?
விடை: கற்றல். அதனையும் இறைபணியென்று எண்ணிச் செவ்விதாகச் செய்தால் இன்பம் உண்டாகும்.

இவ்விடைகளைப் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்தல் எளிது. அவற்றின் உண்மையை அவர்கள் அறிவது தங்கள் ஆசிரியர் முகத்தைக் கண்டேயாம். ஆதலால், நாடோறும் மலர்ந்த முகத்தோடு வகுப்பிற் புகுவோமாக.

திருச்சிற்றம்பலம்.