வயிற்றுக்கு வெளியே தெரியும் சிறுகுடல்

அன்புள்ள மதிக்கு,

மனிதக் குடலில் நீளமானது சிறுகுடல்தான். சுமார் 6 மீட்டர். ஆனாலும் உணவுப்பாதையில் வரும் புற்றுநோய்களில் 100க்கு 5 கூட அங்கே தோன்றுவதில்லை. கூழான உணவு அதில் தேங்காமல் ஓடிவிடுகிறது, பாக்டீரியாக்கள் குறைவு, உட்சவ்வின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக உண்டாகின்றன. இவ்வளவு காவல் உள்ள குடலிலும் அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தக் காவல் தளரும் இடம் ஒன்று உண்டு.

அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி மருந்துக்கு அடங்காதபோதும், பெருங்குடல் எங்கும் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கும் பரம்பரை நோயிலும் பெருங்குடலை முழுதாக எடுத்துவிட நேரலாம். அப்போது பலருக்குச் சிறுகுடலின் கடைசி முனையை, பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம், துளையிட்டு வெளியே எடுத்துத் தைப்பார்கள். இது இலியாஸ்டமி, வெளியே தெரியும் வாய் ஸ்டோமா. அதன்மேல் ஒட்டிய பையில் கழிவு சேரும். இந்த அறுவை முறையின் ஆரம்ப காலத்தில் செரிமான நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். குடல் முனையும் வீங்கி அடைத்துக்கொள்ளும். 1952இல் பர்மிங்காம் அறுவை மருத்துவர் பிரையன் புரூக், சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல் குடலின் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைக்கும் முறையை எழுதினார். கேட்டால் தையல்காரர் வேலை போலத்தான் இருக்கும். பையோடு பல்லாண்டு வாழ வழிவிட்டது அந்த மடிப்புதான்.

அந்த நீண்ட வாழ்வில்தான், மிக அரிதாக, ஸ்டோமாவில் புற்றுநோய் வருகிறது. பெரும்பாலும் அறுவை நடந்து 20, 30 ஆண்டுகள் கழிந்திருக்கும். உட்சவ்வில் ஓயாத உராய்வு, தோலோடு சேரும் விளிம்பில் நாள்பட்ட அழற்சி, முன்பில்லாத பாக்டீரியாக் கூட்டம் என எல்லாம் சேர்ந்து சிறுகுடலின் சவ்வைப் பெருங்குடலின் சவ்வைப்போல உருமாற்றுவதாகக் கருதப்படுகிறது. செய்யும் வேலை மாறியதும் சாயலும் மாறுகிறது. சிலரிடம் அதன் பிறகு அடினோகார்சினோமா என்னும் புற்றுநோய் உண்டாகிறது. பரம்பரை நோயாளிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பெருங்குடலை எடுத்தாலும் பழுதான மரபணு உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கத்தான் செய்கிறது.

அறிகுறிகள் சாதாரணமாகவே தெரியும். பை மாற்றும்போது துடைத்த துணியில் ரத்தக்கறை. சிவந்து ஈரமாக இருக்க வேண்டிய ஸ்டோமாவின் ஓரத்தில் கடினமான ஒரு முண்டு. வருடக்கணக்காகக் கச்சிதமாக ஒட்டிய பை திடீரென ஒரு பக்கம் கசிகிறது. பை உரசிய புண் என்றோ, சதை வளர்ச்சி என்றோ மாதக்கணக்கில் களிம்பு தடவிக் காலம் போய்விடும். சிறுகுடலின் மற்ற புற்றுநோய்களைத் தேட ஸ்கேனும் கேமராவும் வேண்டும். இது கண்ணெதிரே இருந்தும் தவறவிடப்படுவதுதான் வேதனை. ஆறாத புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்சி பார்த்தால் தெரிந்துவிடும்.

உறுதியானால், ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலையும் வயிற்றுச் சுவரையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, வேறிடத்தில் புதிய ஸ்டோமா அமைப்பார்கள். குடலைச் சார்ந்த நிணநீர் முடிச்சுகளைச் சோதிப்பதோடு தொடை இடுக்கையும் தடவிப் பார்ப்பது அவசியம். அடிவயிற்றுத் தோலின் நிணநீர் அங்கேதான் வடிகிறது.

அன்புடன்,
சித்தப்பா