நமுனுகுல இறக்கத்தில் செயினுக்கு எந்தக் காப்பு?

2,036 மீட்டர் நமுனுகுல மலையின் தோட்டப் பாதைகளில் மவுண்டன் பைக் இறக்கினால் அடி இரண்டு இடத்தில் விழும். லயத்துப் படிக்கட்டும் கானோரக் கருங்கல்லும் பெடலோடு சுற்றும் முன் பற்சில்லைத் தட்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறோ பின்சில்லில் மாட்டி, பின்கியரையே முறுக்கிப் பிய்க்கும். இரண்டுக்கும் ஒரே காப்பு கிடையாது. கடைக்காரர் 'கார்ட்' என்றால் எந்தப் பக்கத்துக்கு என்று கேளுங்கள்.

முன்னால் மூன்று பற்சில்லு உள்ள பழைய பைக்கா? 42 பல் கொண்ட பெரியதைக் கழற்றிவிட்டு, அதே போல்ட்டுகளில் பல்லில்லாத பாஷ் ரிங்கைப் பூட்டலாம். செயின் கண்ணி ஒன்று 12.7 மி.மீ.; அந்தக் கணக்கில் 42 பல் 32 ஆனால் அடியில் 20 மி.மீ. இடம் கூடும். அதில் கொஞ்சத்தை வளையம் எடுத்துக்கொள்ளும், பரவாயில்லை. மலிவு பைக்குகளில் பற்சில்லுகளை ரிவெட் அடித்திருப்பார்கள், அங்கே இது நடக்காது. ஒற்றைப் பற்சில்லுக்காரர் 32ஐ 30 ஆக்கினால் கிடைப்பது வெறும் 4 மி.மீ. ஏற்றம் லேசாகும், கல்லுக்கு அது போதாது.

வளையத்தில் படும் அடி கிராங்குக்கும் பேரிங்குக்கும் போகிறது. பெடல் அச்சைச் சுற்றிப் பிரேமில் மூன்று போல்ட் ஓட்டை இருந்தால் அடித்தகடு பூட்டலாம். அடியைப் பிரேம் வாங்கிக்கொள்ளும். படிக்கட்டு இறங்குகிறவருக்கு என் தேர்வு தகடுதான்.

பின்பக்கம் வேறு கதை. பின்கியரைத் தாங்கும் ஹேங்கர், பிரேமுக்குப் பதில் தான் வளைவதற்கென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்தது. அச்சில் பூட்டும் இரும்பு வளைகம்பி, பைக் சாய்ந்து விழுந்தால் உதவும். பலத்த அடியை அது அச்சுக்கே கடத்திவிடும். மிலாறை அது தடுக்காது. ஆகவே ஒன்றுக்குத்தான் காசு என்றால் உதிரி ஹேங்கர் வாங்குங்கள். பிரேமுக்குப் பிரேம் வடிவம் மாறும் என்பதால் பைக் வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும். எஸ்ராம் 2019இல் கொண்டுவந்த பொது ஹேங்கருக்கு ஏற்ற பிரேம் என்றால் இந்தத் தேடல் குறையும். 2023இல் அதே நிறுவனம் ஹேங்கரே இல்லாமல் பிரேமில் நேராகப் பூட்டும் பின்கியரை இறக்கியது. உறுதியானதுதான், தோட்டப் பாதைக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை.

கச்சான் காலத்துக் காய்ந்த கல்ரோட்டில் செயின் துள்ளிக் கழல்வது அடியால் வருவதல்ல. ஒன்றுவிட்டு ஒன்று தடித்த பல் உள்ள பற்சில்லும் கிளட்ச் வைத்த பின்கியரும் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்போதும் கழன்றால்தான் செயின் கைட். பிரேமில் செயின் உரசும் இடத்துக்குப் பழைய டியூப்பைச் சுற்றினாலே போதும்.

விழுந்து எழுந்ததும் பைக்கின் பின்னால் நின்று பாருங்கள். பின்கியர் உள்பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பல்லுக்கு மாற்ற வேண்டாம், அது சில்லுக் கம்பிக்குள் போய்விடும். நடுப்பல்லில் வைத்து மெதுவாகப் பசறை ரோட்டுக்கு இறங்குங்கள்.