தொட்டி மீன்களும் கடைசிப் பந்தியும்



தேர்வு முடிந்த ஒரு ஞாயிறன்று, கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தையில் மீன் வாங்கி வந்தேன். விடுதி அறையில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்று. அதில் ஆறு ஜீப்ரா டானியோ, ஐந்து கப்பி, இரண்டு மோலி, மூன்று கோரிடோராஸ். செதில் உணவு ஒரு டப்பாவும் வாங்கினேன். காலையும் மாலையும் அதையே தூவினேன். மேலே நீந்துபவை பாய்ந்து வந்து தின்றன. அடியில் வாழும் கோரிடோராஸ் மிச்சத்தைத் தின்று பிழைக்கும் என்றெண்ணி வாளாவிருந்தேன். மூன்றாம் மாதம் அவற்றுள் இரண்டு வயிறு ஒட்டி மாண்டன. டப்பாவில் உணவு பாதிக்குமேல் இருந்தது! அன்றுதான் மீனின் உணவைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதற்பாடம், மீனின் வாயைப் பார்ப்பது. கப்பிக்கு வாய் மேல்நோக்கியது. மிதக்கும் உணவு அதற்கு எளிது. கோரிடோராஸின் வாய் கீழ்நோக்கியது. மீசையால் மணலைத் துழாவி இரை தேடும் அதற்கு, மூழ்கும் குருணைகளே தக்கவை. டானியோ நம் கங்கைச் சமவெளியின் மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் அதனை விவரித்துள்ளார். இயற்கையில் அது சிறு பூச்சிகளையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் உண்கிறது. மோலியோ பாசியை மேய்வது. ஆகவே ஒரே டப்பா இந்நால்வருக்கும் போதாது என்பது தெளிவு.

இப்போது நான் கைக்கொள்ளும் முறை இது. வாரத்தில் மூன்று நாள் நல்ல செதில் உணவு. ஒரு நாள், தோலுரித்து வேகவைத்து நசுக்கிய பட்டாணி அல்லது வெந்நீரில் வாட்டிய கீரை. இரண்டு நாள், உறையவைத்த ஆர்ட்டீமியா அல்லது டாப்னியா. டாப்னியாவின் ஓடு செரிக்காது. ஆயினும் குடலுக்கு நார்போல் உதவும். ஒரு நாள் பட்டினி. நன்கு வளர்ந்த மீனுக்கு அதனால் தீங்கில்லை. பட்டினி நாள் தவிர ஒவ்வோர் இரவும், விளக்கணைத்தபின் கோரிடோராஸுக்கெனச் சில குருணைகள்.

அளவும் முக்கியம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதே போதிய அளவு. எஞ்சியது அழுகி அம்மோனியாவாகும்; அது மீனுக்கு நஞ்சு. சோறும் ரொட்டியும் போடுதல் ஆகாது. திறந்த டப்பாவில் வைட்டமின் சி நாளடைவில் குறையும்; ஆதலால் சிறு டப்பாவே சிக்கனம். உயிருள்ள டூபிஃபெக்ஸ் புழு மலிவுதான். எனினும் அது சாக்கடைச் சேற்றிலும் வளர்வது, நோயைக் கொணரலாம். கொசுப்புழுவை மீன்கள் விரும்பித் தின்னும். தின்னாது விட்டவையோ கொசுவாகி நம்மைத் தின்னும்!

எஞ்சிய ஒரு கோரிடோராஸுக்குத் துணையாக ஐந்து வாங்கிவிட்டேன். இரவில் அவை குருணையைச் சுற்றி மணலைக் கிளறும் காட்சியைக் காண என் அறைத்தோழரும் புத்தகத்தை மூடிவிட்டு வருகிறார்.

'பந்திக்கு முந்து' என்பது நம் பழமொழி. முந்தத் தெரியாதவருக்கும் இலை போடுவது பரிமாறுபவர் கடன். தொட்டியில் பரிமாறுபவர் நாமே. அதை மறந்ததால் இரண்டு உயிர்களை இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.