கச்சானில் காயட்டும் தோடம்பழம்

நத்தார் அலங்காரத்துக்குத் தோடம்பழத்தை வட்டம் வட்டமாக வெட்டிக் காயவைக்கும் வேலையை டிசம்பரில் தொடங்குவது ஊவா மலையில் வீண்பாடு. அந்தச் செய்முறை குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி வைக்கும் நாடுகளிலிருந்து வந்தது. அங்கே வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். பதுளையில் ஒக்டோபரில் பிடிக்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து ஜனவரி வரை இழுக்கும். தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் மூன்றும் இந்த ஈரத்துக்குள்தான் வருகின்றன. துவைத்த துணியே காயாத நாளில் சாறுள்ள பழம் எங்கே காய்வது? முதலில் ஓரம் பிசுபிசுக்கும், பிறகு பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். இதே மலையில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசுகிறது. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து இந்தப் பக்கம் இறங்கும் காற்று அது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஆகவே ஆகஸ்டில் உலர்த்தி, இறுக மூடும் பிஸ்கட் டின்னில் ஒரு பிடி வறுத்த அரிசியோடு போட்டு வைப்பதே புத்தி.

எதை உலர்த்துவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வட்டத் துண்டு கண்ணுக்கு மட்டும்தான். மணம் தரும் எண்ணெய், தோலின் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பைகளில் இருக்கிறது. அதனால் தோலை நாடாவாகச் சீவி, உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். பிபிலைத் தோடை பழுத்தும் பச்சையாகவே இருக்கும், படத்தில் பார்க்கும் செம்மஞ்சள் வராது. வராவிட்டால் போகட்டும், வாசம் குறையாது. ஆனால் தோலின் மணம் சீக்கிரம் பறந்துவிடும். கராம்பின் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் போகும். இரண்டும் சேர்ந்தால்தான் பண்டிகை முடியும்வரை தாங்கும். தோல் முழுதாக முறுகுமுன், வளையும் பதத்திலேயே கராம்பைக் குத்திவிடுங்கள். காயக் காயத் தோல் சுருங்கிக் கராம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பசையே வேண்டாம். முழுப் பழத்தில் குத்துவதை மட்டும் நம் ஈரக் காற்றில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். குத்திய இடத்தைக் கராம்பு காக்கும். உள்ளே தேங்கிய சாற்றுக்கு அது என்ன செய்யும்?

அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் மழையிலும் காயுமே என்று கேட்பார்கள். காயும். ஆனால் விறகுப் புகை எண்ணெய்த் தோலில் ஒட்டிக்கொண்டால் நத்தார் மரத்தில் கருவாட்டு வாசம்தான் வீசும். வீட்டில் ஓவன் இருப்பவர்கள் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைக்கலாம், மின்கட்டணத்தைத் தாங்க முடிந்தால்.

கராம்பும் கறுவாவும் விற்கும் விலையில் அலங்காரமா என்ற கேள்வி நியாயமானது. லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதை மணக்கவைக்க ஒரு பிடி போதும். கராம்பின் மொட்டுக்குப் பதில் அதன் காம்பு போதும், அதிலும் எண்ணெய் உண்டு. கறுவாவில் சுருள் பட்டையே வேண்டும் என்பதில்லை, உடைந்த துண்டு போதும். நம் கறுவா மெல்லிய அடுக்குகளாக இருப்பதால் விரலால் நொறுக்கினாலே வாசம் விடும். அலங்கார வளையம் கட்டக் கம்பி வாங்கவும் வேண்டாம். பத்தனைப் புல்வெளியில் வளரும் மானாப் புல்லை முறுக்கிக் கட்டினால் அதுவே எலுமிச்சை போல் மணக்கும். பொங்கல் முடிந்து கழற்றும்போது கராம்பைக் கறிக்குத் திருப்பாதீர்கள், தூசு படிந்திருக்கும். துணியில் முடிந்து அலுமாரிக்குள் போட்டால் உடுப்புக்கு இன்னும் சில மாதம் உதவும்.